பழைய முகவரிக்குப் போன அழைப்பு

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பெரியவர்கள் “சந்தேகம் வந்தாச்சா?” என்பார்கள், சின்னவர்கள் சந்தேகம் அக்கா என்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கட்டிய புருஷனே, “உன் சந்தேகத்தை எல்லாம் ஆபீஸ்லயே இறக்கி வெச்சிட்டு வா தாயே, வீட்டுல நான் ஒருத்தன்தான் இருக்கேன்” என்று கும்பிடு போடுபவர்தான்.

செருப்புக் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படியேறிப் போனால் இரண்டு அறைகள். வெளியே பலகை கிடையாது. அடி பொறுக்காமல், உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு அடைக்கலம் தரும் சிறிய அமைப்பு அது. சாதாரணக் குடித்தன வீடுகளை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கம் அறியாமல் அவர்களைத் தங்கவைப்பார்கள். அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்ற விஷயம் வெளியே கசியக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது சந்தேகத்தின் வேலை. யார் மெயிலை யார் படிக்க முடியும், பொது ஃபோல்டர்களை யாரெல்லாம் திறக்கலாம், வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் வழி திறந்து கிடக்கிறதா என்றெல்லாம் பார்த்து, எந்த ஓட்டை பெரிது, எது சிறிது என்று தரம் பிரித்து எழுதித் தர வேண்டும்.

இதற்கு முன் அவள் ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். அங்கே சத்தம் போட்டவர்களை அவள் மறந்துவிட்டாள். தேன் ஒழுகப் பேசியவர்கள்தான் நெஞ்சில் நின்றார்கள். “என் வொய்ஃப் நம்பர்தாம்மா. யார்கிட்ட பேசியிருக்கான்னு ஒரு காப்பி மட்டும் குடுங்களேன்” என்பார்கள். முடியாது என்றால் சிரித்துக்கொண்டே அடுத்த கவுண்டருக்குப் போவார்கள். ஒரு நாள் அடுத்த கவுண்டரில் கொடுத்துவிட்டார்கள். அந்த மனைவி பிறகு என்ன ஆனாள் என்று கேட்டதற்கு, “நமக்கெதுக்குமா ஊர் வம்பு” என்றார் மேனேஜர். சந்தேகம் அந்த வேலையை விட்டாள். மாலை வகுப்புக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

அவள் சோதனை செய்யும் விதம் எளிமையானது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்காருவாள். “தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. நான் சும்மா பார்க்கிறேன்” என்பாள். சும்மா பார்ப்பாள் என்று யாரும் நம்பியதில்லை.

“வாங்கக்கா. என் டீ கிளாஸுக்குக்கூட பாஸ்வேர்டு வெச்சிட்டேன்” என்றான் வேன் டிரைவர், அந்தத் திங்கட்கிழமை காலையில்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

சிரித்துவிட்டு டீச்சரின் மேசைக்கு நகர்ந்தாள். ஆலோசகரைத்தான் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவர். வந்து சேரும் பெண்கள் முதலில் அழுவது அவர் தோளில்தான்.

டீச்சர் பொதுக் காலண்டரைத் திறந்தார். வேன் எப்போது கிளம்பும், யாரை எங்கே கூட்டிப் போகும் என்று எல்லாரும் குறித்து வைக்கும் இடம் அது. போன தடவை சந்தேகம் அதைப் பார்த்திருந்தாள். பெண்களின் பேர் இல்லை, முகவரி இல்லை, ‘வீடு’ என்று மட்டும் இருந்தது. ஆபத்து மிகக் குறைவு என்று எழுதியிருந்தாள்.

“நாளைக்கு நம்ம தையல்காரிக்கு இன்டர்வியூ” என்றார் டீச்சர் முகமெல்லாம் மலர்ந்து. “துணிக்கடையில கேட்டிருக்காங்க. மறந்துடக் கூடாதேன்னு வெள்ளிக்கிழமையே அவளுக்கும் அழைப்பு அனுப்பிட்டேன். பாரு, சரின்னுட்டா.”

சந்தேகம் குனிந்து பார்த்தாள். அழைக்கப்பட்டவரின் பேருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் இருந்தது. இடம் என்ற கட்டத்தில் கதவு எண்ணும் தெருவும் முழுசாக இருந்தன.

“அட்ரஸ் நீங்களா போட்டீங்க?”

“இல்லையே. ‘வீடு’ன்னுதான் அடிச்சேன். மீதிய அதுவே போட்டுக்கிச்சு.”

“இந்தப் பேரு மேல கொஞ்சம் கிளிக் பண்ணுங்க டீச்சர்.”

பேருக்குள்ளிருந்து மெயில் முகவரி விரிந்தது. தையல்காரி வந்து சேர்ந்த அன்று அவர்கள் அவளுக்குத் திறந்து கொடுத்த முகவரி அது இல்லை. காப்பாற்றுங்கள் என்று முதன்முதலில் எழுதியபோது பயன்படுத்திய பழைய முகவரி. அதைத் திறந்து கொடுத்தவனே அவள் புருஷன்தான். டீச்சர் பேரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் இயந்திரம் தனக்குத் தெரிந்த பழையதை எடுத்து நீட்டியிருந்தது.

சந்தேகம் போனை எடுத்தாள். “அம்மாடி, உன் பழைய மெயிலை இப்ப எங்கயாவது திறந்தியா?”

“இல்லக்கா. பாஸ்வேர்டை அவர் மாத்தி வெச்சிட்டாரே. ஏன்க்கா?”

“நேர்ல வந்து சொல்றேன். யாரும் வெளியே போக வேண்டாம். கதவைத் தாழ் போட்டுக்கோங்க.”

அப்படியானால் ‘சரி’ என்று அழுத்தியது அவள் புருஷன்தான் என்று டீச்சருக்கு உறைத்தது. அழைப்பை அழிக்கக் கை போனது.

“தொடாதீங்க!” சந்தேகம் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “அழிச்சா அங்க ‘ரத்து’ன்னு ஒரு மெயில் போகும். நமக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

“அப்ப இதை இப்படியே விடச் சொல்றியா?”

“இப்படியே இருக்கட்டும். நாளைக்கு நாம அங்க இருப்போம்னே அவன் நினைக்கட்டும். இன்னிக்கே வர மாட்டான்னு நான் சத்தியம் பண்ண முடியாது டீச்சர். அதுக்கு முன்னாடி வீட்டைக் காலி பண்ணணும்.”

டீச்சர் போலீசுக்குப் பேசினார். டிரைவர் வேன் சாவியை எடுத்தான். படியிறங்கும்போது டீச்சர் மெல்லக் கேட்டார். “அவகிட்ட காரணத்தைச் சொல்லணுமா? இப்பதான் பாவம் நிமிர்ந்து நடக்குது அந்தப் பொண்ணு. உடைஞ்சு போயிடுவா.”

“சொல்லாம இருந்தா, அவன் எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டான்னு நினைப்பா. எங்க போனாலும் விட மாட்டான்னு காலம் முழுக்கப் பயப்படுவா. அது இதைவிட மோசம்.”

வீட்டில், அழைப்பு போன கதையைக் கேட்டதும் பெண்கள் மூட்டை கட்டினார்கள். கட்டிப் பழகியவர்கள், சத்தமில்லாமல் கட்டினார்கள். குழந்தைகளோடு வந்திருந்த ஒருத்தி மட்டும் வாசலில் நின்று டீச்சரைக் கேட்டாள். “பாதுகாக்கிறோம்னு சொல்லிட்டு நீங்களே வெத்தல பாக்கு வெச்சு அழைச்சீங்களா? இப்பதான் என் புள்ள பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி பிடிச்சா.” டீச்சர் அவள் மூட்டையை வாங்கி வேனில் ஏற்றினார்.

தையல்காரி வேனில் ஏறாமல் நின்றாள். “என்னாலதானேக்கா எல்லாரும் தெருவுல நிக்கிறாங்க?”

“உன்னால இல்ல. எங்களால. டீச்சர் தப்பான முகவரிக்கு அனுப்பிட்டாங்க. அந்தக் காலண்டரைப் பார்த்து ஆபத்தில்லைன்னு எழுதினவ நான்.”

“கடையோட பேரும் அதுல இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

“அப்ப அந்த வேலையும் போச்சு” என்றாள் அவள். அழவில்லை. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவன் வந்தான். குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து காலி வீட்டின் மணியை அடித்தான். உள்ளே சாதாரண உடையில் காத்திருந்த போலீஸ்காரர்கள்தான் கதவைத் திறந்தார்கள். மனைவியை நெருங்கக் கூடாது என்று அவனுக்குக் கோர்ட்டு உத்தரவு இருந்தது. அவன் பதறவில்லை. “அவங்களே கூப்பிட்டாங்க சார். மரியாதைக்கு வந்தேன்” என்று போனில் அழைப்பைக் காட்டினான். ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டுச் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். கையில் அழைப்பு இருக்கும்போது வழக்கு நிற்பது கஷ்டம் என்றார் இன்ஸ்பெக்டர்.

சந்தேகம் தன் மதிப்பீட்டைத் திருத்தினாள். கடைசியில் இருந்த காலண்டரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தாள். அதைக் கடைசியில் வைத்தது யார் என்பதையும் எழுதினாள். முகவரியைத் தானாக நிரப்பும் வசதியை எல்லார் கணினியிலும் நிறுத்தினாள். பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். டீச்சர் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றார்.

“நீங்க போயிட்டா உங்க கணக்கை மூடி, நீங்க திறந்த ஃபோல்டரை எல்லாம் நான் தேடணும். அது வேற ஒரு வேலை. உட்காருங்க டீச்சர்” என்றாள். டீச்சர் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியதை அவள் பார்க்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் புருஷன் எதையோ சொல்லிக் கிண்டல் செய்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, விளையாட்டை விட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார்.

சில வாரம் கழித்துப் புது வீட்டிலிருந்து தையல்காரி கூப்பிட்டாள். வேறொரு கடைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேட்டாள். சந்தேகம் போனாள். சுவரோரம் பாய் விரித்து, மடிக்கணினியை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். தையல்காரியே ஒவ்வோர் எழுத்தாகக் கடையின் முகவரியை அடித்தாள். தன் பேரை அடித்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதை அனுப்பினா எங்கெங்க போகும்க்கா?”

சந்தேகம் சொன்னாள். இந்தக் கணினியிலிருந்து மெயில் கம்பெனியின் பெரிய கணினிக்கு, அங்கிருந்து கடைக்காரரின் பெட்டிக்கு. நம் பக்கத்தில் யார் பார்க்க முடியும், யார் பார்க்க முடியாது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

“கடைக்காரர் கைக்குப் போனப்புறம்?”

“அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதும்மா. அவர் யார்கிட்ட காட்டுவார்னு என்னால சொல்ல முடியாது.”

பக்கத்து அறையில் ஏதோ ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தையல்காரி முகவரியை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சந்தேகம் அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்து அனுப்பினாள்.