தூணுக்குப் பின்னால் ஒரு கடை

கிள்ளானில் இருந்த எங்கள் பழைய அஞ்சலகத்தின் தரை உஷாராணிக்குத் தெரிந்த அளவுக்கு, முப்பது வருடம் அங்கே முத்திரை குத்திய எனக்குத் தெரியாது. என் பெயர் முகுந்தன். நான்காம் கவுண்டரில் உட்கார்ந்தவன். அவள் துப்புரவு வேலைக்கு வந்தவள். பக்கத்து ஊரான மேருவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் கூடம் முழுவதையும் துடைத்து முடித்துவிடுவாள்.

அந்த ஒரு மணி நேரம் கட்டடம் அவளுடையது. உயரத்து ஜன்னல்கள் வழியாக வெயில் இறங்கி, ஈரத் தரை ஒரு குளம்போலக் கிடக்கும். ஒருநாள் சீக்கிரம் போனவன் பார்த்தேன். தரை துடைக்கிற மாப்பை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, ஆளில்லாத கூடத்தில், "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்தேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. தனக்கு அங்கே ஒரு கடை இருக்கிறதாம், கல்யாணச் சீர் தட்டு அலங்கரிக்கிற கடை. ரோஸ் நிறத்தில் திரை, கண்ணாடி அலமாரி, வாசலில் பட்டுச்சேலையில் மடித்த மயில். எல்லாம் தினமும் காலையில் வந்து, நாங்கள் கதவைத் திறந்ததும் போய்விடுகிறதாம்.

"மனக்கோட்டைக்கு வாடகை இல்லைலா, அண்ணே" என்றாள்.

கைவேலையில் கெட்டிக்காரிதான். வாய் பிளந்த பெட்டியோடு வருகிறவர்களை நான் முறைத்துத் திருப்பி அனுப்புவேன். அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பார்சலை வாங்கி, பழுப்புத் தாளில் மூலை பிசகாமல் கட்டிக் கொடுப்பாள். அதைப் பார்த்துத்தான் அவள் குடியிருந்த பிளாட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத் தட்டுகளை அவளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு அஞ்சலகம் ஒரு பேரங்காடிக்குள் இடம் மாறியது. நான் ஓய்வு பெற்றேன். கட்டடம் நாலு வருடம் புறாக்களிடம் இருந்தது. அதன்பின் ஒரு கம்பெனி அதை எடுத்து, முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பன்னிரண்டு கடைகளாகப் பிரித்தது. உஷாராணி எனக்குப் போன் செய்தாள். விண்ணப்பப் பாரம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நிரப்பிக் கொடுத்துவிட்டு நேர்காணலுக்கும் கூட வர வேண்டும் என்றாள்.

கம்பெனி மேனேஜர் சிவநேசன் மரியாதையான பிள்ளை. அவள் அந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் துடைத்தவள் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. துப்புரவுக் குழுவுக்கு மேற்பார்வையாளர் வேலை இருக்கிறது, நல்ல சம்பளம், நாளைக்கே சேரலாம் என்றார். நான் மேஜைக்குக் கீழே அவள் காலைத் தட்டினேன். அகலக்கால் வைக்காதே, கிடைத்ததை வாங்கிக்கொள் என்று காதோரம் முணுமுணுத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "வேலை கேட்டு வரலே, தம்பி. கடை கேட்டு வந்திருக்கேன்."

எனக்குக் காது சுட்டது. சிவநேசன் வரைபடத்தை விரித்தார். வந்தவர்கள் எல்லாரும் வாசல் பக்கத்துக் கடைகளுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். உஷாராணி விரலை வைத்தது பெரிய தூணுக்குப் பின்னால் இருந்த மூலையில். அதை யாருமே கேட்கவில்லையே என்றார் அவர். வாசலில் ஜனம் நடந்து போய்விடும், அங்கே அழுக்கு லேசாகத்தான் இருக்கும் என்று அவள் விளக்கினாள். தூணுக்குப் பின்னால்தான் தேய்த்தாலும் போகாத அழுக்கு. கடிதம் வாங்கியவர்கள் அங்கே ஒதுங்கித்தான் பிரித்துப் படிப்பார்கள், படித்துவிட்டு அப்படியே நிற்பார்கள்.

"நடக்கிறவங்க வாங்க மாட்டாங்க. நிக்கிறவங்கதான் வாங்குவாங்க."

மூன்று மாதத் தவணை வைத்து அந்த மூலையை அவளுக்குக் கொடுத்தார். அதற்குள் ஒரு ஆர்டர்கூட வரவில்லை என்றால் இடம் கைமாறிவிடும். போன் உறை விற்கிற ஒருவர் ஏற்கெனவே காத்திருந்தார்.

இரண்டரை மாதம் அவள் ஈ ஓட்டினாள். கூட்டம் வந்தது, முகப்பைப் படம் எடுத்தது, காப்பி குடித்தது, போனது. நான் தினமும் மத்தியானம் போய் உட்கார்ந்திருப்பேன். காலைத் தட்டியவன் அல்லவா, மனசு உறுத்தியது. அவளோ வெற்றுப் பெட்டிகளுக்கு ஜிகினாத் தாள் சுற்றி அடுக்கிக்கொண்டு, கனவில் நடக்கிறவள்போலச் சிரித்த முகமாக இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த மேற்பார்வையாளர் வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார் என்றேன். அவள் வாசலில் வைத்திருந்த பட்டுச்சேலை மயிலின் தோகையைப் பிரித்து மறுபடி மடித்தாள். சொல்லியிருக்கவே கூடாது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கடைசி வாரம், வியாழக்கிழமை. வெளியே நல்ல மழை. ஓர் அம்மாள் போனைக் காதில் வைத்தபடி, கூட்டத்தின் சத்தம் தாங்காமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ரவாங்கில் மகள் கல்யாணம் போலிருக்கிறது. தட்டு செய்து தருவதாகச் சொன்னவள் கையை விரித்துவிட்டாளாம். பேசி முடித்தவர் அங்கேயே நின்றார். மயிலைப் பார்த்தார். உஷாராணி கடை வாசலில் குந்தி, மழைச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் பார்வை அவள் தலைக்கு மேலாக என்னிடம் வந்தது.

"பாஸ், இருபத்தொரு தட்டு வேணும். அடுத்த மாசத்துக்குள்ள முடியுமா?"

முப்பது வருடக் கவுண்டர் பழக்கம், பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உஷாராணியின் கை நின்றது. அத்தனை வருடம் ஆளில்லாத கூடத்தில் அவளோடு பேசிய மாய வாடிக்கையாளர்களில், கடை யாருடையது என்று ஒருவரும் குழம்பியதில்லை. மெல்ல எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பாஸ் நான்தான்க்கா. முடியும். உக்காருங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கடையில் இருந்தது ஒரே நாற்காலி. நான் எழுந்துகொண்டேன்.