மீசை போன மிளகாய்ப் போட்டி

என் சித்தப்பாவை மீசையில்லாமல் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். நான் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை.

போடியில் அப்போது மலைநடைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. வாத்தியார், ஜவுளிக்கடை ராவுத்தர், ஏலக்காய்த் தரகர்கள் என்று பதினைந்து பேர். ஜீப்பு போகிற மலைக்கு எதற்கு வேர்க்க விறுவிறுக்க நடக்க வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கழுதைப் பாதையில் ஏறி, பாதி மலையில் ஒரு பொட்டல் பாறையில் முகாம் போடுவார்கள். பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. அங்கேதான் மிளகாய்க் குழம்புப் போட்டி. வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத ஆண்கள் அன்றைக்கு மட்டும் கரண்டி பிடிப்பார்கள்.

சட்டம் மூன்று. உறைப்புக்கு வரமிளகாய்தான் போட வேண்டும். ஒருவர் அடுப்பிலிருந்து இன்னொருவர் ஒரு கல் உப்புக்கூட வாங்கக் கூடாது. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் குழம்பை இறக்கிவிட வேண்டும்.

சித்தப்பா பத்து வருடம் மலைத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் மலையாளத்தில் திட்டினால் மலையாளிகளே வாய் பிளப்பார்கள் என்று அப்பா சொல்வார். அவருடைய மீசைக்கு ஊரில் தனி மரியாதை. இரண்டு வருடமாக ராவுத்தரிடம் தோற்றுப்போன ஆத்திரத்தில், இந்த வருடமும் தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டார். அந்த மீசையைப் பிடித்துத்தான் நான் நடை பழகினேனாம்.

பாறைக்கு வந்து மூட்டையைப் பிரித்ததும் ஒரு குரங்கு வந்து மிளகாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடலை என்று நினைத்திருக்கும், பாவம். சித்தப்பா அடுப்பை விட்டு நகர முடியவில்லை.

"ஆத்தா, அந்தா தெரியிற ஏலக்காய் ஸ்டோருல வாட்ச்மேன் இருப்பாரு. கொஞ்சம் மிளகா வாங்கிட்டு வெரசா ஓடியா" என்றார்.

ஓடினேன். வாட்ச்மேன் மலையாளி. நான் மிளகாய் என்றதும், "முளகோ, நல்லமுளகோ?" என்று கேட்டார். இது என்ன கேள்வி? கெட்டதை யாராவது கேட்டு வாங்குவார்களா? "நல்லதே குடுங்க" என்றேன். காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமல் வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தேன்.

சித்தப்பா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கருகருவென்று மிளகு. மற்ற சட்டிகளெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தன. சூரியன் உச்சிக்கு வரக் கொஞ்ச நேரம்தான் இருந்தது; மறுபடி ஓடிப் போய் வர முடியாது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

எட்டிப் பார்த்த ராவுத்தர், "என்ன மாப்ளே, பிள்ளை மாத்தி வாங்கியாந்துருச்சா?" என்றார்.

"அதெல்லாம் இல்ல. மிளகுதேன் கொண்டாரச் சொன்னேன். உங்க மிளகா ஊருக்குள்ள வர்றதுக்கு முந்தி நம்ம பாட்டன் பூட்டன் எதைப் போட்டு உறைப்பாத் தின்னாங்களாம்?"

அப்படியானால் என் காதில்தான் கோளாறு. நான் நிம்மதியாக மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் குழம்பைப் போல் நான் இன்றுவரை தின்றதில்லை. தீர்ப்புச் சொன்ன வாத்தியார் இலையை வழித்து நக்கிவிட்டு, "ருசியில இதுதேன் மொதலு. ஆனா இது மிளகாப் போட்டியப்பா" என்று ராவுத்தர் பக்கம் கை காட்டினார். ராவுத்தரே பதறிப்போய், வெளையாட்டுக்குச் சொன்னதை விட்டுருங்க மாப்ளே என்று கையைப் பிடித்தார்.

"சொன்னா சொன்னதுதேன்" என்று சித்தப்பா தரகர் ஒருவரின் சவரக் கத்தியை வாங்கி, பாறைக் குழியில் கிடந்த தண்ணீரைத் தொட்டு அங்கேயே வழித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இறங்கும் வழியெல்லாம், "உங்களுக்கு மூளை இருக்கா சித்தப்பா? பேசாம மிளகாயே கேட்டிருக்கலாம்ல?" என்று பொரிந்துகொண்டே வந்தேன். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும், வீம்பினால் மீசையைத் தொலைத்தவர் என்று நானே சொல்லித் திரிந்தேன்.

கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம், மலையாளச் சீமைக்குப் போன முதல் வாரம், ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். நான் மிளகாய் என்றதும், "முளகோ, நல்லமுளகோ?" என்றார் கடைக்காரர். நல்லது என்றேன். அவர் மிளகை அள்ளித் தராசில் போட்டார். மலையாளத்தில் முளகு என்றால்தான் மிளகாயாம்; நல்லமுளகு என்றால் மிளகு.

பத்து வருடம் மலையாளிகளோடு இருந்த சித்தப்பாவுக்கு, பொட்டலத்தைப் பிரித்தபோதே நான் என்ன சொல்லி வாங்கியிருப்பேன் என்பது தெரிந்திருக்கும். அன்று அடிவாரம் வரைக்கும் நான் திட்டத் திட்ட, வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கேட்டிருக்கலாம்தேன் ஆத்தா. எனக்குத்தேன் தோணாமப் போச்சு."