சிங்கமில்லாத காடு

கனடாவில், ஸ்காபரோவில் இருபத்தாறு வருடம் நகரப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனிடம் இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். நானும் சொன்னேன். ஒரு பிறந்தநாள் விழாவில், கொத்துரொட்டித் தட்டோடு நின்றுகொண்டு, மனைவியின் தங்கை புருஷனிடம் போய்ச் சொன்னேன். அந்த வாயை இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

என் ஆசை ஒன்றும் பெரிதில்லை. தென்னாபிரிக்காவில் ஒரு சின்ன வனவிலங்குக் காப்பகம். இணையத்தில் அதைத் தேடிப் பிடித்தவள் என் மனைவி. அங்கே சிங்கமும் இல்லை, யானையும் இல்லை. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மான், காட்டுப்பன்றி, பிறகு கணக்கில்லாத பறவைகள். ஆளை அடிக்கும் மிருகம் இல்லாதபடியால் வழிகாட்டியும் தேவையில்லை. வாசலில் ஒரு வரைபடம் தருவார்கள். நம் காரை நாமே ஓட்டிப் போகலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், இறங்கி நடக்கலாம். காப்பகத்தின் விதிகளில் ஒன்றை மனைவி எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். விலங்குகள் பாதையை மறித்தால் அவை விலகும்வரை காத்திருங்கள், அவசரப்பட வேண்டாம் என்று போட்டிருந்தது.

அவசரப்பட வேண்டாம் என்று என் வாழ்நாளில் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு நிமிடம் பிந்தினால் ரேடியோவில் கூப்பிடுவார்கள். இரண்டு நிமிடம் முந்தினாலும் கூப்பிடுவார்கள். பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவரும் மனிதரைக் கண்ணாடியில் பார்த்தபடியே கதவை மூடிய நாட்கள் உண்டு. அதற்குப் பெயர் வேலை.

மனைவிக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. எனக்கு லீவு என்றால் அவளுக்கு வேலை, அவளுக்கு லீவு என்றால் எனக்கு வேலை. இரண்டு பேரும் ஒரே காரில் போவதென்றால் அது கலியாண வீடாகவோ செத்த வீடாகவோதான் இருக்கும். அப்போதும் வழியில் யாராவது ஒரு ஆண்பிள்ளை தொற்றிக்கொள்வார். அவர் கார்க் கதவருகே வந்ததும் மனைவி ஒன்றும் பேசாமல் இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்விடுவாள். நம்மவர்களிடம் அது மரியாதை. முன் சீட் ஆண்பிள்ளைக்கு, பின் சீட் பெண்டுகளுக்கும் பலகாரப் பெட்டிக்கும்.

ஆகவே இந்தப் பயணத்தை நாங்கள் இரண்டு பேராகத்தான் போட்டோம். ஒரு சின்னக் கார், எட்டு நாள், ஒக்டோபர் மாதம், ஓலைக் கூரை போட்ட ஒரு குடில். அவள் பழைய புத்தகக் கடையில் ஆபிரிக்கப் பறவைகள் பற்றி ஒரு புத்தகம் வாங்கி வந்து, பார்க்க வேண்டிய பறவைகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். அங்கே காரை இடப்பக்கமாக ஓட்ட வேண்டும். நான் தடுமாறினால் பக்கத்தில் இருந்து சத்தம் போடுவது தன் வேலை என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

நான் வாயைத் திறந்த அந்தப் பிறந்தநாள் விழாவில் சகலனின் முதல் கேள்வி, "சிங்கம் இல்லையோ?"

இல்லை என்றேன்.

"சிங்கமில்லாத காட்டைப் பாக்க ஆரும் ஆபிரிக்கா போவினமே அண்ணை? உதுக்கு இஞ்சத்தை மிருகக்காட்சிச்சாலை காணுமே."

ஒரு கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் குழு ஒன்று முளைத்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் சகலன் குடும்பம் சேர்ந்தது. பிறகு அவருடைய அண்ணனும் மனைவியும். பிறகு அந்த மனைவியின் சிநேகிதி குடும்பம். பதினொரு பேர். சின்னக் காப்பகம் போய், சிங்கமுள்ள பெரிய பூங்கா வந்தது. சின்னக் கார் போய், பன்னிரண்டு இருக்கை வான் வந்தது. வானை யார் ஓட்டுவது என்று ஒருவரும் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? பெரிய வாகனம் ஓடிப் பழகின கை இருக்கும்போது நமக்கென்ன பயம் என்று சகலன் எழுத, எல்லோரும் பெருவிரலை உயர்த்தினார்கள்.

பிறகு நிகழ்ச்சிநிரல் வந்தது. காலை ஆறே காலுக்குப் புறப்பாடு. எட்டு நாற்பதுக்குச் சிங்கம். ஒன்பதே காலுக்குத் தேத்தண்ணி. சிங்கத்துக்கும் நேரம் குறித்திருந்தார்கள், பாவம் அது பிந்தினால் யார் கூப்பிடுவார்களோ. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? மார்ச் மாதம், குழு கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அந்த ஓலைக் குடில் வேண்டாம் என்று காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வேலையில் கதவை மூடத் தெரிந்தவனுக்கு வீட்டில் மூடத் தெரியவில்லை. மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். பறவைக் கொப்பியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் முடிவு செய்வதற்குச் சகலன் வீட்டில் கூடினோம். அவர் பெரிய டிவியில் வானின் படத்தைப் போட்டு, ஒவ்வொரு இருக்கையிலும் ஆட்களைக் குறித்திருந்தார். ஓட்டுநர் இடத்தில் நான். என் பக்கத்தில், வீடியோ எடுப்பதற்காக, அவர். கடைசி வரிசையில், ஐஸ் பெட்டிக்கும் ரைஸ் குக்கருக்கும் நடுவில், என் மனைவி.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, என்ர மனிசியை எங்கை இருத்தியிருக்கிறீர்?"

அவர் விளங்காமல் திரையைக் காட்டினார். முன்னுக்கு இருந்தால்தான் வீடியோவில் சிங்கம் வடிவாய் விழும் என்றார்.

"நான் வான் ஓடமாட்டன். நாங்கள் வரவுமில்லை."

அத்தான் பகிடி விடுகிறார் என்று மனைவியின் தங்கை சிரித்தாள். பகிடி இல்லை என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மூன்று மாதமாக என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா, என் ஓய்வுக்கும் நீங்களா நேர அட்டவணை போடுகிறீர்கள் என்று கத்தினேன். சகலனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்காவே ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்கேன் கோவம் வருது?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து காரில் ஏறினாள்.

தன் தங்கை வீட்டில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று திட்டப் போகிறாள் என்றே நினைத்தேன். நியாயம் என் பக்கம் என்று சொல்வதற்கு வசனங்களை அடுக்கிக்கொண்டு ஓட்டினேன். குளத்தடிப் பூங்காவைத் தாண்டும்போது அவள் வாய் திறந்தாள்.

"நான் சொல்லாட்டில் உங்களுக்குத் தெரியாதோ? முப்பது வருசமாப் பின்னாலை இருக்கிறன். இண்டைக்குத்தான் கண்டனீங்களோ?"

சகலன் மீது எனக்கிருந்த கோபம் அத்தனைக்கும் உரியவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் வரைந்தது ஒரு படம். அந்த இருக்கையில் அவளை இருக்க விட்டவன் நான்.

முன்னால் வாத்துக்கள் பாதையில் இறங்கின. தாயும் தகப்பனும், இடையில் மஞ்சள் குஞ்சுகள் ஆறோ ஏழோ. பிரேக்கை மிதித்தேன். உடனேயே பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். பழக்க தோஷத்தில் என் கை ஸ்டியரிங்கை வெட்டிச் சுற்றிப் போகப் பார்த்தது.

"நில்லுங்கோ," என்றாள். "அதுகள் போகட்டும்." குஞ்சுகளைப் பார்த்தபடியே, "நாளைக்கு அந்தக் காட்டுக்காரருக்குத் திருப்பி எழுதுங்கோ. ஒக்டோபர் இல்லாட்டில் எந்த மாதமெண்டாலும் சரி."

பின்னால் அவன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். நான் எஞ்சினை நிறுத்தினேன்.