நான் பார்க்காத சிலந்தி

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். உத்திரமேரூரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கு இந்தப் பக்கம், நாங்கள் புதிதாக வீடு கட்டிக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. என் கணவருக்கு இதுதான் சொந்த ஊர். நான் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். காற்று, வெளிச்சம், சொந்தக் கிணறு என்று ஆசை ஆசையாக வந்தவளுக்கு, முதல் மழை விட்டதுமே ஒன்று புரிந்துவிட்டது. எங்களுக்கு முன்பே இந்த வீட்டில் வேறொரு கூட்டம் குடியேறியிருந்தது. எங்கே பார்த்தாலும் சிலந்தி.

ஜன்னல் கம்பி, பரண், பாத்ரூம் மூலை, மோட்டார் ஸ்விட்ச் பெட்டி என்று ஓர் இடம் பாக்கியில்லை. காலையில் ஒட்டடை அடித்தால் மாலையில் மறுபடி வலை இருக்கும். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் தூங்கி எழுந்தவளுக்கு உதட்டோரம் கொப்புளம் கொப்புளமாக வந்திருந்தது. எட்டுக்கால் பூச்சி மேலே ஓடியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து எனக்கு சிலந்தி என்றால் வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

மருந்து அடிக்கலாம் என்றால் பெண்ணுக்கு வீசிங் உண்டு. அதனால் இயற்கை வழி என்று இறங்கினேன். பிழிந்த எலுமிச்சைத் தோலை ஜன்னல் சட்டத்திலும் வாசற்படியிலும் தேய்த்தேன். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து மூலை முடுக்கெல்லாம் தெளித்தேன். புதினா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து பரணில் வைத்தேன். அலமாரியில் கற்பூரம், சாயங்காலம் வேப்பிலைப் புகை, வாசலில் பூச்சிகள் மொய்க்காமல் இருக்க வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு. கணவர் வேலையிலிருந்து வந்து மூக்கைச் சுளித்து, இது வீடா ஊறுகாய் ஜாடியா என்று கேட்பார்.

இதெல்லாம் வேலை செய்ததா என்றால், ஓரளவு செய்தது. தினமும் வலையையும் முட்டைப் பொதியையும் விடாமல் பெருக்கி வெளியே கொட்டியதுதான் பாதி காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்போது எனக்குத் தலை கால் புரியவில்லை. பள்ளிக்கூடத்து அம்மாக்களின் வாட்ஸப் குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதினேன். எந்தச் சிலந்தி கடிக்கும், எது கடிக்காது, கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கிண்டலாக எனக்கு ‘எட்டுக்கால் டாக்டர்’ என்று பேர் வைத்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

வீட்டுக்குள் சிலந்தித் தொல்லை அடங்கிய பிறகு கவனம் தோட்டத்துப் பக்கம் போனது. சிலந்தி வீட்டுக்குள் வராமல் இருக்க வேண்டுமானால், சுவரை ஒட்டிக் கல், விறகு, ஓடு எதையும் குவித்து வைக்கக் கூடாது என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, வீடு கட்டி மிச்சமான செங்கல் ஒரு குவியல் கிடந்தது. மழையில் நனைந்து பாசி பிடித்து, மேலெல்லாம் வலை. மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வந்து கடப்பாரையால் தள்ளி எடுப்பார், அதுவரை அதன் பக்கம் போகாதே என்று கணவர் சொல்லியிருந்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுமை இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கவும் வாசல் பெருக்கவும் ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். நடவு, களையெடுப்பு இருக்கும் நாட்களில் வயல் வேலை, இல்லாத நாட்களில் எங்கள் வீடு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனால் நான் அவரை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவேன். இங்கே எழுதும்போது ‘அவர்’ என்று போடுகிறேன். அன்றைக்கு அந்த மரியாதை என் வாயில் வந்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அந்தச் செங்கலை எல்லாம் எடுத்து வேலியோரம் அடுக்கிவிடு என்று அவரிடம் சொன்னேன். மழைக்காலம், ரெண்டு வெய்யில் காயட்டும்மா என்று இழுத்தார். சிலந்திதானே, அதற்கெல்லாமா பயப்படுவாய் என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன். சமையலறை ஜன்னலில் எலுமிச்சைத் தோல் தேய்க்க நான் ரப்பர் கையுறை போட்டிருந்தேன். அவர் வெறுங்கையோடு செங்கல் எடுத்துக்கொண்டிருந்தார். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பின்பக்கக் கதவோரம் வந்து நின்று கூப்பிட்டார். வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இரண்டு சின்னப் புள்ளி, துளி ரத்தம்.

“பூச்சி கட்சிட்ச்சிமா. கல்லு சந்துல சுருட்டிக்கினு கெடந்துச்சி.”

சிலந்தி தொட்டால் காலைச் சுருட்டிக்கொள்ளும். தினம் பத்துத் தடவை பார்க்கிற காட்சி. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. நானாயிற்று என்கிற தோரணையில் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். அவர் புடவைத் தலைப்பைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தார். எட்டுக்கால் பூச்சிக்கெல்லாம் யாராவது கட்டுப் போடுவார்களா என்று அதை அவிழ்க்கச் சொன்னேன். அந்தக் கட்டைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இந்த ஊர்ச் சிலந்திக்கு விஷம் கிடையாது, கொஞ்சம் உட்கார், சரியாகிவிடும் என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அவர் என் வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கை புறங்கை வரை வீங்கியது. அவர் முகத்தில் வேர்வை. அப்போதுதான் எனக்கே லேசாகப் பயம் வந்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து உத்திரமேரூருக்கு அழைத்துப்போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக்கூட இல்லை. சிலந்திக் கடிக்கு அங்கே போய் வரிசையில் நிற்பானேன் என்று, என் பெண்ணுக்குச் சளிக்குக் காட்டும் சின்ன கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார், என்னம்மா கடித்தது என்று. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஸ்பைடர் கடித்துவிட்டது, செங்கல் எடுக்கும்போது என்று ஆரம்பித்து, அது என்ன வகை, கழுவினேன், ஐஸ் வைத்தேன் என்று என் புலமையை எல்லாம் கொட்டினேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“பார்த்தேன் டாக்டர்.”

நான் பார்த்தது வலையைத்தான். அதுவும் முந்தின நாள் பார்த்தது. ஆனால் அவ்வளவு நீளமாகப் பேசிவிட்டு, இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு காரணமும் இல்லை. அந்த அம்மா திரும்பி என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். படித்த பெண் பார்த்தேன் என்கிறாள், கடிபட்டவர் மறுக்கவில்லை. டாக்டர் அதை நம்பி ஓர் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, வீக்கம் ஏறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் அவரை அவர் தெருமுனையில் இறக்கிவிட்டு, ரெண்டு நாள் ரெஸ்ட் எடு என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டு வந்தேன். டாக்டர் கடைசியாகச் சொன்னதை அவர் வீட்டில் யாரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மகள் போன் செய்தாள். கம்பெனி வேலைக்குப் போகும் பெண், இருபது வயதுக்கு மேல் இருக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஈறிலிருந்து ரத்தம் வருகிறது, கை தோள்வரை கறுத்துவிட்டது, உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சிலந்தி என்றேன்.

“எங்கம்மா இன்னா சொல்லிச்சி உங்களாண்ட? பூச்சின்னுதான சொல்லிச்சி? பூச்சின்னா இன்னான்னு தெரியாதா உங்களுக்கு?”

தெரியும். அதுதான் கொடுமை. இந்தப் பக்கத்து ஜனங்கள் பாம்பை அதன் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பூச்சி என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் என் மாமியார், கொல்லையில் பூச்சி இருக்கிறது, பார்த்துப் போ என்று சொன்னபோது, கரப்பானா என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைத்தவள் நான். அன்றைக்கே விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து வருஷமாக அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ரெண்டு மாதமாக என் மண்டைக்குள் எட்டுக்கால் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

கணவர் காரை எடுத்தார். மகளும் நாங்களுமாக அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடித்தது சுருட்டை விரியனாக இருக்கும் என்றார்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டார்கள். மகள் பதில் சொன்னாள். இருபது மணி நேரத்துக்கு மேல் என்று கேட்டதும் அந்த நர்ஸ் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு மறக்காது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இருபத்திரண்டு நாள் படுக்கை, இரண்டு தடவை அறுவை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

நாற்றைப் பிரித்து சேற்றில் ஊன்றுவது அந்த இரண்டு விரலால்தான். அதன் பிறகு நடவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வரிசையில் ஒருவர் பின்தங்கினால் மற்றவர்களுக்கும் தாமதம் என்று, தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று சொல்லித்தான் விட்டுவிட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக முதல் வரிசையில் நின்றவர்.

ஊரில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? அந்த வீட்டுக்காரம்மா, வேலைக்காரி என்று பார்க்காமல் தன் வண்டியிலேயே டாக்டரிடம் அழைத்துப் போனாள், ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்தாள், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று. கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயிலில் என்னிடமே சொன்னார்கள். நான் ஒருவரிடமாவது, இல்லை, நான்தான் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னேன் என்று வாய் திறந்தேனா? இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தேன். வாட்ஸப் குரூப்பில் அந்தப் பதிவுகளை மட்டும் அழித்தேன். அதற்கு மட்டும் தைரியம் வந்தது.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர்தான் பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார், இடது கையால். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏன் டாக்டரிடம் நீங்கள் சொல்லவில்லை என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவள், கேள்வி கேட்டேன். அப்போதும் அவர் மேல் ஒரு பங்கு தப்பைத் தள்ளிவிட முடியுமா என்றுதான் என் புத்தி பார்த்தது. முதல் முறையாக ‘நீங்கள்’ என்று வந்ததை மட்டும் கவனித்தேன்.

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“புது வூடு, வெள்ளிக்கெயமை வேற. அத்தோட பேர உங்க வாசல்ல நின்னு சொல்லக் கூடாதுன்னுதாம்மா பூச்சின்னு சொன்னேன். டாக்டராண்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க பாத்தேன்னு சொல்ட்டீங்க. படிச்சவங்க சொல்றாங்களே, நாந்தான் தப்பா பாத்துட்டேன் போலகீதுன்னு இருந்துட்டேன்.”

நான் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். அதைவிடக் கேவலம் எனக்கு இனிமேல் ஒன்றும் நடக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு அவர் திரும்ப வரவில்லை, மகள் விடவில்லை. அவள் விடாதது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓர் உண்மையாவது என்னிடமிருந்து வரட்டும்.

பாம்பு என்று தெரியாமல் போனதையாவது ஒருநாள் நான் மறந்துவிடுவேன். ஆனால் ஒரு மனுஷி தன் கையைக் கடித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, நான் ‘பார்த்தேன்’ என்று சொன்ன ஒரே வார்த்தைக்காகத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே, அந்த அளவுக்கு நான் அவரிடம் எப்படி நடந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.