ஆர்டெல்லா பாட்டாகப் படித்த சட்டம்

ஆர்டெல்லா மோஸ்லிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது, அதனால்தான் வாயால் சொல்கிறேன். ஆனால் மிசிசிப்பி மாநிலச் சட்டத்தில் ஒரு பெரிய பிரிவு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். வக்கீலுக்குக்கூட அப்படி வராது. யார் மறுத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

என் பக்கத்து வீட்டுக்காரி அவள். பருத்தி எடுப்பதில் அவள் கைவேகம் எங்கள் யாருக்கும் கிடையாது. வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தாள் என்றால் தெருக்கோடி வரை மணக்கும். அவளுக்கு ஒரே ஆசை: ஓட்டர் பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும்.

கறுப்பு ஜனங்கள் பெயர் சேர்க்கப் போனால், கோர்ட்டுக் குமாஸ்தா சட்டப் புத்தகத்தை நீட்டுவான். படித்துக் காட்ட வேண்டும். வரி விதிப்பது பற்றிய நீளமான பிரிவு ஒன்றை எங்களுக்கென்றே வைத்திருந்தான்.

எங்கள் சர்ச்சில் பாட்டுப் புத்தகம் கிடையாது. எழுத்துத் தெரிந்த சபை மூப்பர் டீக்கன் கிளியோபஸ் ஒவ்வோர் அடியாகச் சொல்வார், நாங்கள் அதை இழுத்துப் பாடுவோம். ஒரு புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் ஆர்டெல்லா எழுந்தாள்.

"டீக்கன், பாட்டை அடி அடியாக் குடுக்குறீங்கல்ல? அந்தக் குமாஸ்தா நீட்டுற பிரிவையும் அப்படியே குடுங்க."

ஒரு குளிர்காலம் முழுவதும் பாடினோம். பிறகு வயலிலும் பாடினோம். மேஸ்திரி ஒரு நாள் குதிரையை நிறுத்தினான்.

"என்ன புதுப் பாட்டு?"

"சர்ச்சுப் பாட்டுதான், துரை" என்றாள் ஆர்டெல்லா, பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோர்ட்டுக்குப் போனாள். அன்று பார்த்து அந்தப் பாவி வேறு பக்கத்தைத் திறந்து நீட்டினான். இவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தைப் பார்த்தபடியே தன் பிரிவை ராகத்தோடு சொல்லி முடித்தாள்.

"ஏ ஆர்டெல்லா, நீ பாடுறது இந்தப் பக்கத்துலயே இல்லையே! போய்த் துணியத் துவை, போ."

அந்த வாரம் அவள் வீட்டில் வெண்டைக்காய் மணக்கவில்லை.

அறுபத்தைந்து ஆகஸ்டில் வாஷிங்டனில் புதுச் சட்டம் வந்தது. இனிப் படித்துக் காட்ட வேண்டாம் என்றார்கள். ஆர்டெல்லா நம்பவில்லை.

"அங்க சொன்னா இங்க நடந்துடுமாக்கும்" என்றாள். ஆனாலும் சர்ச்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் பிரிவை முனகியபடியே வந்தாள்.

தபாலாபீஸ் பின்னறையில் வாஷிங்டன் அனுப்பிய வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். வரிசை வெயிலில் படிக்கட்டு வரை நின்றது. பெயரைக் கேட்டதும் அவர், "உக்காருங்க, மிசஸ் மோஸ்லி" என்றார். ஆர்டெல்லா திரும்பிப் பார்த்தாள், யாரைச் சொல்கிறார் என்று. வெள்ளைக்காரன் வாயில் எங்களுக்கு ஏது மிசஸ்?

வயதையும் ஊரையும் கேட்டு அவரே எழுதிக்கொண்டார். "இங்க ஒரு பெருக்கல் குறி போட்டா போதும்."

"படிக்க வேணாமா?"

"வேண்டாம்மா."

அவள் பேனாவைத் தொடவில்லை. "ஒரு குளிர்காலம் பூரா படிச்சேன், சார். கேட்டுட்டுத்தான் பேரைச் சேக்கணும்."

பின்னால் நின்ற நான் அவள் இடுப்பைக் கிள்ளினேன். "அடியே, குறியப் போட்டுட்டு எந்திரிடி! மனுஷன் மனசு மாறிடப் போறான்!"

"சும்மா இருடி, லுவேனியா."

"வரியானது மாநிலம் எங்கும் சமமாயிருக்க..." என்று முதல் அடியைக் கொடுத்தாள். அடி கொடுத்தால் எங்கள் ஜனத்தின் வாய் சும்மா இருக்குமா? கிள்ளிய நானே முதலில் இழுத்தேன். வரிசை இழுத்தது. வெளியே படிக்கட்டில் நின்றவர்களும் இழுத்தார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி அடி வரை கேட்டார்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க, மிசஸ் மோஸ்லி."

அப்புறம்தான் குறியைப் போட்டாள். போட்ட அழுத்தத்தில் அது அடித்தாளிலும் பதிந்துவிட்டது. அந்தத் தாளைத்தான் எனக்கு நீட்டினார்கள். அவள் பள்ளத்தின் மேலேயே என் குறியைப் போட்டேன்.

அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தேர்தல் நாளில் வரிசையில் நிற்கும்போது முதல் அடியை மெல்ல முனகுவேன். முன்னால் நிற்கிற பெண்கள் திரும்பி, என்ன பாட்டு என்று கேட்பார்கள்.

சர்ச்சுப் பாட்டு என்பேன்.