அடைத்து வைத்த குளிர்

பாச்சாங்கில் குத்புதீன் பாயின் இறைச்சிக் கிடங்கில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இத்தனை வருடமும் எனக்கு எதிர் மேசை மருதமுத்து அண்ணன். அவர்தான் அங்கே சார்ஜ்மேன். மின்சாரமும் குளிர் அறையும் அவர் பொறுப்பு. நான் கலக்கிக் கொடுக்கும் தேநீரையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். எரிச்சலாக வரும் எனக்கு.

ஆனால் அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வயரிங் படித்து, புலாவ் செபாங்கில் ஒரு ஐஸ் பேக்டரியில் சேர்ந்தவர். அங்கே எவனோ கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுப் போக, நாலு டன் கோழி அழுகியது. பழி இவர் தலையில் விழுந்து வேலை போனது. பெண் கொடுப்பதாக இருந்த வீட்டாரும் பின்வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

இந்த வருடம் பாய், சாயங்காலக் கரண்ட் பில்லைக் குறைக்கப் பெரிய பேட்டரி ஒன்றை வாங்கி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரக் கம்பெனியிலிருந்து மலர்விழி என்ற இன்ஜினியர் வேறு ஒரு யோசனையோடு வந்தாள்.

"மத்தியானம் சோலார் கரண்ட் நெறைய வருது, பாய். பொழுது சாஞ்சா அது இல்ல, ஆனா வீட்டுக்கு வீடு ஏர்கான் ஓடும். அந்தக் கொறைய கேஸ்ல ஓடற பவர் ஸ்டேஷன கூட ஓட்டி நெரப்பலாம், அணைத் தண்ணிய தொறந்து விடலாம். பேட்டரில சேத்து வச்சதயும் குடுக்கலாம். இல்லன்னா நம்ம மாதிரி ஆளுங்க அந்த நேரத்துல கரண்ட கம்மியா இழுக்கலாம்."

"பேட்டரிதான லேசு?" என்றார் பாய்.

"சட்டுனு குடுக்கும். ஆனா வெல ஜாஸ்தி, வருஷம் போகப் போக வலுவும் கொறையும். உங்ககிட்ட இந்தக் குளிர் ரூம் இருக்கு. மத்தியானமே மைனஸ் இருபத்துநாலுக்கு எறக்கிட்டா, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கம்ப்ரஸர நிறுத்தலாம். அந்த இறைச்சியே குளிரப் புடிச்சு வச்சிருக்கும்."

"நிறுத்தறது யாரு?" என்றார் அண்ணன்.

"எங்க ஆபீஸ்லேர்ந்து நாங்களே நிறுத்துவோம், அங்கள்."

"கெட்டுப் போனா கையெழுத்துப் போட்ட நாந்தானம்மா மாட்டுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே இருந்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த ஆட்டிறைச்சி. ஐந்து நாள் சோதனை என்று முடிவானது. ஒருநாள் மைனஸ் பதினைந்தைத் தாண்டிச் சூடேறினாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதாகப் பேச்சு.

முதல் இரண்டு நாளும் மைனஸ் பத்தொன்பதுக்கு மேல் ஏறவில்லை. மலர்விழி அறைக்கு வெளியே மாட்டியிருந்த, உள்ளே இருக்கும் குளிரைக் காட்டும் மீட்டரின் முன்னால் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மீட்டரும் அவ கொண்டு வந்ததுதானம்மா," என்றார் என்னிடம். "அவளுக்குத் தோதா காட்டாதுன்னு என்ன நிச்சயம்?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லலா," என்றேன்.

மூன்றாம் நாள் மைனஸ் பன்னிரண்டு.

மறுநாள் காலை பாய் மலர்விழியை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "என் கணக்குதான் எங்கயோ தப்பு, பாய்," என்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. பேட்டரிக்காரனை வரச் சொல் என்று பாய் என்னிடம் சொன்னார். அண்ணனைத் தட்டிக்கொடுத்து, "நீ அப்பவே சொன்ன, மருது," என்றார்.

நான் போனைக் கையில் எடுத்தேன். முந்திய மாலை அண்ணன் குளிர் அறைக்குள் போகப் போடும் தடித்த சட்டையை மாட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம், அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

"கணக்குல தப்பில்ல," என்றார் அண்ணன். "கதவ நாந்தான் தொறந்தேன்."

பாய் திரும்பினார். "எப்ப?"

"நேத்து. மீட்டரு பொய் சொல்லுதோன்னு என் தெர்மாமீட்டர எடுத்துக்கிட்டு உள்ள போயிப் போயிப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுச்சு. அப்பவும் நம்பல. பத்துப் பதினஞ்சு வாட்டி போயிருப்பேன். வெளிக் காத்து பூராவும் உள்ள போயிருச்சு."

"ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"பழி இவ தலையில விழட்டும்னு இருந்துட்டேன், பாய்."

பாய் அவரை முறைத்துப் பார்த்தார். கடைசியில், "இன்னிக்கும் ஓட்டிப் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் ஆபீஸ் அறைக்குப் போனார்.

அண்ணன் இடுப்பு வாரிலிருந்து குளிர் அறைச் சாவியைக் கழற்றி மலர்விழியிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சிருங்க, அங்கள்," என்றாள் அவள்.

"வேணாம்மா. என் கையில இருந்தா இன்னிக்கும் தொறப்பேன்."