வெறும் கதிரைக்குச் சொன்ன தோத்திரம்

பிலோமினா அக்கா போய்விட்டார். இன்று காலை, ஹெந்தளையில், மகன் வீட்டில்... தேத்தண்ணி கேட்டாராம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

நூறைத் தொட இருந்த மனுசி. அழக்கூடாது என்றுதான் இதை எழுத ஃபோனைக் கையில் எடுத்தேன். முடியவில்லை.

என் பிள்ளைகளுக்குக்கூட இது முழுதாகத் தெரியாது. அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அநாதைப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து என்னை வளர்க்க எடுத்தவர். எனக்கு ஐந்து வயது. அவருக்கே இருபதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீடு. அத்தானுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. இல்லத்திலிருந்து மாதாமாதம் ஒரு பால்மா டின், சட்டைத் துணி... கொண்டுவருகிற மிஸ் என்னையும் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளை சரியில்லை என்று அவருக்குப் பட்டால் அன்றைக்கே திருப்பிக் கூட்டிப் போய்விடலாம்.

மற்ற உதவியெல்லாம் பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாதான். எனக்குக் காய்ச்சல் என்றால் அக்கா சுவரில் தட்டுவார், ராத்தா கொத்தமல்லித் தண்ணியோடு வந்து நிற்பார்.

வந்த புதிதில் நான் வாயே திறக்கவில்லை. திறந்த பிறகுதான் பிரச்சினை.

எங்கள் வீடுகளில் அந்திச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்பித் தோத்திரம் சொல்ல வேண்டும். அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். நான் அத்தானுக்குச் சொன்னேன், அக்காவுக்குச் சொன்னேன்... பிறகு ஜன்னலோரம் ஒருவரும் உட்காராமல் கிடந்த கதிரைக்கும் போய்ச் சொன்னேன்.

"ஆருக்குப் பிள்ளை சொன்னனீ?" என்றார் அக்கா.

"அந்த மாமிக்கு. ஏன் அவ எந்த நேரமும் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறா?"

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்காவின் அம்மா நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் செத்தவர். அதே கதிரையில் இருந்தபடி. அவர் கால் ஆட்டுவதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

அக்கா என்னை அடிக்கவுமில்லை, பேயோட்டக் கூட்டிப் போகவுமில்லை. "மிஸ்ஸுக்கு முன்னால மட்டும் சொல்லாத, என்ன?" என்றார். நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினேன்.

ஐந்து வயசுப் பிள்ளையின் தலையாட்டல்!

ஒரு நாள் மிஸ் செப நேரத்துக்கே வந்துவிட்டார். முடிந்ததும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போன நான், பழக்கத்தில் கதிரைக்கும் போய்விட்டேன். மாமி கை வைக்கட்டும் என்று தலையையும் குனிந்தேன்.

மிஸ்ஸின் முகம் வெளுத்துப்போனது.

"இந்தப் பிள்ளைக்கு மூளையில ஏதோ கோளாறு. நான் கூட்டிக்கொண்டு போறன். உங்களுக்கு வேற நல்ல பிள்ளையாப் பாத்துத் தாறம்."

என் கையைப் பிடித்தேவிட்டார். பயத்தில் எனக்கு மூத்திரம் போய்விட்டது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அக்கா நேரே கதிரைக்குப் போனார். முழந்தாளிட்டு, கைகூப்பி, "தோத்திரம் அம்மா" என்றார். அப்படியே தலை குனிந்திருந்தார்... கொஞ்ச நேரம்.

பிறகு எழுந்து வந்து சொன்னார். "எங்கட வீட்டில எல்லாருக்கும் சொல்லுறது வழக்கம், மிஸ். பிள்ளை வழக்கத்தைத்தான் செய்தது. அவளை விடுங்கோ."

மிஸ் கதிரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என் கையை விட்டார்.

பிறகு வந்தபோதெல்லாம் வாசலோடு சரி. பால்மா டின்னைப் படியில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம்!

கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "அக்கா, என்னை வச்சிருக்கத்தானே அண்டைக்கு அப்பிடி நடிச்சனீங்கள்?"

"ஓமடி, நடிக்கத்தான் போனனான்." மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா குனிஞ்சாப் பிறகு தலையில பட்டது அம்மாட கைதான். கை மட்டும் குளிர்ந்து கிடந்தது..."

பிறகு திரும்ப மீனை வெட்டத் தொடங்கிவிட்டார்.

அக்கா, போற இடத்தில பயப்பிடாதேங்கோ. அம்மா அங்க நிப்பா.

எனக்கு அவவைத் தெரியும்... நல்ல மனுசி.